றப்பர் மட்டும் தாங்க என்றால் ஏன் தரமாட்டீர்கள்?

கார்த்திகை பிறந்து நாலைந்து நாள்தான். அக்கரைப்பற்றில் ஒரு செத்தவீட்டுக்குப் போய்விட்டு இரவு மட்டக்களப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கல்முனை தாண்டும்வரை தூறல். பெரியகல்லாற்றுக்கு வரும்போது வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. வைப்பரைப் போட்டேன். வலது வைப்பர் ஒருமுறை போய் வந்தது. என் கண்ணுக்கு நேரே, ஒரு சாண் அகலத்துக்குப் பால் தடவிய மாதிரி ஒரு பட்டை. எதிரே வந்த பஸ் வெளிச்சத்தைத் தணிக்கவில்லை. அந்தப் பட்டை முழுக்க எரிந்தது, தெருவையே காணோம். ஓந்தாச்சிமடத்தில் ஒருவர் பொலித்தீன் உறையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, லைட் இல்லாத சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். பத்தடிக்குள் வந்த பிறகுதான் அவரைக் கண்டேன். பிரேக் பிடித்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். நான் காரை ஓரங்கட்டி, கை நடுக்கம் அடங்கும்வரை அங்கேயே இருந்தேன்.

இது நடக்கக்கூடாது என்றுதான் ஐப்பசியிலேயே வைப்பரில் கண்ணாடியைத் துடைக்கும் அந்த றப்பரை மாற்ற அலைந்தேன். ஒரு மாதம் அலைந்தேன். அதுதான் வயிறு எரிகிறது.

நம்முடைய பக்கத்தில் மழை எப்படி என்று எல்லாருக்கும் தெரியும். மாரி மூன்று மாதம் அடித்து ஊற்றும். மற்ற மாதங்களில் வைப்பருக்குப் பெரிய வேலை இல்லை. சித்திரை வெயிலிலும் அதற்குப் பிறகு வரும் கச்சான் காற்றிலும் அந்த றப்பர் சூடேறிய கண்ணாடியில் ஒரே பக்கம் சாய்ந்தபடி கிடந்து வேகிறது. வெயிலும் காற்றில் உள்ள ஓசோனும் றப்பரை இறுக வைத்து, விளிம்பில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்குகின்றன. கண்ணாடியைத் தொடும் அந்த மெல்லிய உதடு, வைப்பர் போகும்போது ஒரு பக்கமும் திரும்பும்போது மறுபக்கமும் மடிய வேண்டும். ஒரே பக்கம் சாய்ந்து இறுகிவிட்டால் போகும்போது துடைக்கும், வரும்போது தத்தித் தத்தி 'டக டக' என்று அடிக்கும். அடிக்கடி மழை பெய்யும் ஊரில் இது அன்றன்றைக்கே தெரிந்துவிடும். நமக்கோ முதல் மழை இரவில்தான் தெரிகிறது.

சரி, றப்பர்தானே போனது? அதைப் பிடித்திருக்கும் பிளேட்டின் இரும்புச் சட்டம் நன்றாக இருக்கிறது, கொளுக்கி இறுக்கமாக இருக்கிறது. என் காருக்கு வலது பக்கம் 475 மில்லிமீற்றர், அகலம் 6 மில்லிமீற்றர். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட. அளவை எழுதிக்கொண்டு ஐந்து கடை ஏறி இறங்கினேன்.

"அண்ணன், இந்த அளவில றப்பர் மட்டும் தாங்க."

"றப்பர் தனிய வாறதில்ல தம்பி. பிளேட்டோட எடுங்க, மறுகா பிரச்சினை இல்ல."

ஐந்து கடையிலும் இதே பதில். ஒரு கடையில் றப்பர் என்று சொன்னதுமே அடுத்த ஆளைக் கவனிக்கத் திரும்பிவிட்டார். 1876இல் ஹெனரத்கொடைத் தாவரவியல் தோட்டத்தில் றப்பர் நாற்றுகள் வந்திறங்கிய நாடு இது. களுத்துறையிலும் கேகாலையிலும் இன்றைக்கும் பால் வெட்டுகிறார்கள். அந்த நாட்டில் ஒரு முழத் துண்டு றப்பருக்காக நல்ல இரும்பைக் குப்பையில் போடு என்கிறார்கள்! ஜப்பான் கார்களில் வரும் இந்த மாதிரிப் பிளேட், றப்பரை மட்டும் உருவி மாற்றும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது.

அவர்கள் தரும் முழுப் பிளேட்டாவது உருப்படியானதா? கடை வாசலில், வெயில் நேரே விழும் இடத்தில், பக்கற்றோடு தொங்குகிறது. எத்தனை வருடமாகத் தொங்குகிறது என்று கேட்டால் முகம் மாறுகிறது. உறையைப் பிரித்து உதட்டை விரலால் மடித்துப் பார்த்தேன், வெடிப்பு. என் பழைய றப்பர் காரில் கிடந்து செத்தது, இது கடையிலேயே செத்திருக்கிறது. அதற்குப் புதுச் சாமான் விலை.

கடைசியில் ஒரு கடையில் றப்பர் கிடைத்தது. கூடவே நின்ற பொடியன் மாட்டித் தருகிறேன் என்றான். நான் காசைக் கொடுக்கத் திரும்பிய நேரத்துக்குள் பழைய றப்பரை உருவி, அதற்குள் இருந்த இரண்டு உருக்குத் தகடுகளையும் சேர்த்து எறிந்துவிட்டான். புது றப்பர் தகடு இல்லாமல் வருகிற வகை. அந்தத் தகடுகள்தான் றப்பருக்கு முதுகெலும்பு. சட்டம் தரும் அழுத்தத்தை நுனி முதல் நுனி வரை பரப்புவது அவைதான். அவை இல்லாத றப்பர் கிளிப் பிடிக்கும் இடத்தில் மட்டும் கண்ணாடியை அழுத்தும், இடையில் தொய்ந்து நிற்கும். "அது பழசு அண்ணன், தேவல்ல" என்றான். குப்பைப் பெட்டியைத் தேடினோம். அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தத் தொய்வுதான் அன்றிரவு என் கண்ணுக்கு நேரே பால் பட்டையாக நின்றது.

இதைச் சொன்னால் ஆளுக்கொரு வைத்தியம். டீசலைத் துணியில் நனைத்துத் துடை என்றார் ஒருவர். டீசல் பட்டால் றப்பர் ஊதிப் பிசுபிசுக்கும், கண்ணாடியிலும் எண்ணெய் படரும். இன்னொருவர் புகையிலையைக் கண்ணாடியில் தேய்க்கச் சொன்னார். பழைய லொறிக்காரர்கள் மழைக்குள் நின்று அதைத்தான் செய்வார்கள். அவசரத்துக்குச் சரி, ஆனால் வெடித்த உதட்டை அது ஒட்டுமா? மாதத்துக்கு இரண்டு தரம் ஈரத்துணியால் றப்பரின் விளிம்பை வழித்துவிடச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. கடலோர உப்பும் வயல் புழுதியும் கரிக்கோடாகத் துணியில் வரும். அந்தப் புழுதியோடு காய்ந்த கண்ணாடியில் வைப்பரைப் போட்டால் கண்ணாடியே கீறிப்போகும்.

வருடா வருடம் வாகன லைசென்ஸ் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைக்கு வரிசையில் நிற்கிறோம். பின்னால் வரும் புகையைப் பார்க்கிறார்கள், நல்லது. முன்னால் பார்க்க வேண்டிய கண்ணாடியைத் துடைக்கும் றப்பரை ஒருவர் விரலால் தொட்டுப் பார்த்ததில்லை.

அப்புறம், காத்தான்குடிப் பக்கம் வயதான மெக்கானிக் நானா ஒருவரிடம் போனேன். வைப்பர் கையைத் தூக்குவதற்கு முன்னமே கண்ணாடியில் மடித்த சாக்கை விரித்தார். பிளேட் இல்லாத கை சுருளின் விசையில் படாரென்று விழுந்தால் கண்ணாடி வெடித்துவிடும். ஒரு பழைய பிளேட்டிலிருந்து இரண்டு தகடுகளை உருவி, வளைவு எந்தப் பக்கம் என்று கண்ணெதிரே பிடித்துப் பார்த்து, றப்பரின் பள்ளத்தில் செருகினார். நுனிக் கிளிப் 'டிக்' என்று பூட்டியதா என்று இழுத்துப் பார்த்தார். மொத்தம் பத்து நிமிடம்.

"தகட்ட மட்டும் எவனுக்கும் எறிய உடாதீங்க மகன்" என்றார்.

போன கிழமை மறுபடி நல்ல மழை. ஓந்தாச்சிமடத்தால்தான் வந்தேன். ஐம்பது யார் தூரத்திலேயே ஒரு சைக்கிள் தெரிந்தது.