அப்பாவுக்குப் பெயர் வைக்கும் பிள்ளை

சின்ன மொழி ஒன்றைப் பற்றிப் பேச்செடுத்தாலே முதலில் வரும் கேள்வி, "எத்தனை பேர் பேசுறாங்க?" தைவானின் பழங்குடிகளில் ஒன்றான தாவோ மக்களின் மொழியையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மக்களே மொத்தம் ஏறத்தாழ 5,000 பேர்தான். இளசுகள் வாயில் பெரும்பாலும் மாண்டரின் சீனம். சரி, சொல்லியாச்சு. இதில் அந்த மொழியைப் பற்றி என்ன தெரிந்துவிட்டது?

தைவானுக்குத் தென்கிழக்கே இருக்கும் லான்யூ தீவு இவர்களுடையது. அவர்கள் சொல்வது 'பொன்சோ நோ தாவோ', அதாவது மனிதர்களின் தீவு. தைவானின் மற்ற பழங்குடி மொழிகள் இதற்குத் தூரத்துச் சொந்தம். நெருங்கிய பங்காளி கடலுக்குத் தெற்கே, பிலிப்பைன்ஸின் பட்டானெஸ் தீவுகளில் பேசும் இவாத்தன். அபத், லிமா, அனெம், பித்தோ என்று நாலிலிருந்து ஏழுவரை எண்ணினால் மணிலாக்காரருக்கும் புரியும்.

என்னைப் பிடித்துக்கொண்டது இவர்கள் பெயர் வைக்கும் முறை. பிள்ளை பெறாதவரை பெயருக்கு முன்னால் 'சி'. தலைச்சன் பிறந்ததும் பழைய பெயர் போய்விடும். பிள்ளையின் பெயரோடு சேர்த்து அப்பா 'சியாமன்', அம்மா 'சினான்'. பேரப்பிள்ளை வந்தால் தாத்தா, பாட்டி இருவருமே 'சியாபென்'. எழுத்தாளர் சியாமன் ரபோங்கான் இருக்கிறாரே, அந்தப் பெயருக்கு அர்த்தமே 'ரபோங்கானின் அப்பா'தான். குப்புற விழக்கூடத் தெரியாத ஒரு சிசு, வீட்டுப் பெரியவர்களுக்கெல்லாம் பெயர் வைத்துவிடுகிறது!

அரசுப் பதிவேடு இதைத் தாங்குமா? ரபோங்கானின் அப்பாவுக்கு அது எழுதிவைத்தது ஷி நூலாய் என்ற சீனப் பெயர். சொந்தப் பெயரைத் திரும்பப் பதிந்துகொள்ளச் சட்டம் வழிவிட்டது 1995-இல்தான். அப்போதும் சீன எழுத்தில்தான் எழுத வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் தாய்மொழி வகுப்பு வைப்பது நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு பெண்ணை வாசலில் நின்று 'சினான்' என்று கூப்பிடும்போது அவள் தாயாகிவிட்ட செய்தியும் அதிலேயே வந்துவிடுகிறது. அதை அழித்துவிட்டு, அப்புறம் அகராதி போடுவதில் எனக்குப் பெரிய மரியாதை இல்லை.

இன்னொரு பெயர்க்கதையும் உண்டு. 1982-இல் தீவில் அணுக்கழிவுக் கிடங்கு வந்தது. கட்டும்போது மீன் டப்பா தொழிற்சாலை என்றுதான் சொன்னார்கள் என்கிறார்கள் தீவுக்காரர்கள். பறக்கும் மீனுக்குச் சடங்கு செய்து வரவேற்கிற ஊரில் இப்படி ஒரு பொய்! 1988-இல் மக்கள் போராட்டத்தில் இறங்கியபோது அந்தக் கழிவை 'அனீத்தோ' என்றார்கள். கெட்ட ஆவி. 2016-இல் தைவானின் அப்போதைய அதிபர் சாய் இங்-வென் மன்னிப்புக் கேட்டார். பிறகு இழப்பீடும் அறிவித்தார்கள். கிடங்கில் கிடப்பது சுமார் 1,00,000 பீப்பாய் கழிவு. ஆவியை இன்னும் யாரும் அப்புறப்படுத்தவில்லை.