விஎம்வேரிலிருந்து மாறுங்கள், ஆனால் விண்டோஸைத் தயார்படுத்திவிட்டு

இரண்டு மூன்று சர்வர், அவற்றுக்குள் பதினைந்து இருபது விஎம் (மெய்நிகர் கணினி) வைத்திருக்கும் நிறுவனம், அவற்றை ஓட்டும் விஎம்வேரை விட்டு, அதே வேலையைச் செய்யும் ப்ராக்ஸ்மாக்ஸுக்குப் போகலாமா? போகலாம், போகவும் வேண்டும் என்பதுதான் என் கருத்து. ஆனால் "அதான் இம்போர்ட் விசார்டு இருக்கே, சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்தா முடிஞ்சிடும்" என்று கிளம்புகிறவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது. டிஸ்க்கை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கொண்டுவருவது சுலபம். வந்த விண்டோஸ் எழுந்து நிற்பதுதான் வேலை.

மாறச் சொல்வதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2023 நவம்பர் 22 அன்று விஎம்வேர் பிராட்காம் கைக்குப் போனது. அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனையை நிறுத்தினார்கள், இனி சந்தா மட்டுமே. கட்டணம் கோர் கணக்கில், ஒரு சிபியூவுக்குக் குறைந்தது 16 கோர். 8 கோர் சிபியூ வைத்திருக்கிற சின்ன நிறுவனமும் 16-க்குக் கட்ட வேண்டும். விஎம்வேரின் சர்வர் மென்பொருளான விஎஸ்ஃபியர் 7-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 2 அன்று முடிந்துவிட்டது. விஎம்வேரின் விசான் (ஸ்டோரேஜ்), என்எஸ்எக்ஸ் (நெட்வொர்க்) என்று ஆழமாக இறங்கியவர்களின் கணக்கு வேறு. அவர்களுக்கு நான் இதைச் சொல்லவில்லை.

இனி வேலைக்கு வருவோம். ப்ராக்ஸ்மாக்ஸ் 8.2-இலிருந்து இஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்டையே (விஎம்வேர் ஓடும் சர்வர்) ஒரு ஸ்டோரேஜாகச் சேர்த்து, விஎம்மை நேராக இழுக்கலாம். ஹோஸ்ட்களை நிர்வகிக்கும் விசென்டரின் முகவரியைக் கொடுக்காதீர்கள், ஹோஸ்டின் முகவரியைக் கொடுங்கள். விசென்டர் வழியாக இழுத்தால் வேகம் படுமோசம். பழைய ஸ்னாப்ஷாட்களை (விஎம்மின் இடைநிலைப் பதிவுகள்) முதலிலேயே அழித்து ஒன்றாக்கிவிடுங்கள், அவை இருந்தாலும் இழுவை மந்தமாகும். நேரத்தையும் கணக்குப் போடுங்கள். 1 ஜிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்கு 110 எம்பி கிடைத்தால் பெரிய விஷயம். 500 ஜிபி டிஸ்க்குக்கு ஒன்றேகால் மணி நேரம், 2 டிபி ஃபைல் சர்வருக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல். ஒரே ராத்திரியில் எத்தனை விஎம் என்பதை இந்தக் கணக்குதான் சொல்லும்.

இப்போது முக்கியமான இடம். விண்டோஸ் பூட் ஆகும்போது, அது ஏற்கெனவே பார்த்த டிஸ்க் கன்ட்ரோலரின் டிரைவரை மட்டுமே ஏற்றும். ப்ராக்ஸ்மாக்ஸ் தரும் மெய்நிகர் கன்ட்ரோலரான விர்ட்ஐஓ ஸ்கஸியை அது பார்த்ததே இல்லை. அப்படியே ஆன் செய்தால் நீலத்திரை, 'இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்'. டிஸ்க் கெட்டுவிட்டது என்று பயந்து மறுபடி ஐந்து மணி நேரம் இழுக்காதீர்கள், டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. சி டிரைவ் இருக்கும் டிஸ்க்கை முதலில் விண்டோஸுக்குத் தெரிந்த சாட்டாவாக மாட்டிப் பூட் செய்யுங்கள். கூடவே 1 ஜிபி அளவில் ஒரு வெற்று டிஸ்க்கை விர்ட்ஐஓ ஸ்கஸியில் சேருங்கள். விர்ட்ஐஓ டிரைவர் ஐஎஸ்ஓவை மாட்டி இன்ஸ்டால் செய்து, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்த 1 ஜிபி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் விண்டோஸ் அந்தக் கன்ட்ரோலரைப் பார்த்துவிட்டது என்று அர்த்தம். ஷட்டவுன் செய்து, சாட்டா டிஸ்க்கைக் கழற்றி ஸ்கஸியாக மாட்டி, பூட் வரிசையில் அதை டிக் செய்யுங்கள். கடைசி டிக்கைப் பலர் மறக்கிறார்கள். விஎம் பூட் டிஸ்க்கே இல்லை என்று நின்றுவிடும். பழைய விஎம் யூஇஎஃப்ஐயில் (புதிய வகை பூட் முறை) ஓடியிருந்தால் இங்கேயும் அதற்கான ஓவிஎம்எஃப்தான் வேண்டும், பழைய வகை பயாஸான சீபயாஸில் எழாது.

விஎம்முக்குள் இருக்கும் விஎம்வேரின் டிரைவர் தொகுப்பான விஎம்வேர் டூல்ஸைப் புறப்படும் முன்பே நீக்குங்கள். இங்கே வந்த பிறகு அதன் அன்இன்ஸ்டாலர் 'இது விஎம்வேர் மெஷின் இல்லை' என்று அடம்பிடிக்கும். நீக்கியதும் நெட்வொர்க் டிரைவரும் போய்விடும் என்பதால் ரிமோட் டெஸ்க்டாப்பில் இருந்து செய்யாமல் கன்சோலில் செய்யுங்கள். அதற்கும் முன்னால் முழு பேக்கப் ஒன்று எடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் திரும்பிப் போகும் வழி அடைபட்டுவிடும்.

டூல்ஸை நீக்கும் முன்பே, நிலையான ஐபியைக் குறித்துக்கொண்டு நெட்வொர்க் கார்டை டிஎச்சிபிக்கு (ஐபி தானாகக் கிடைக்கும் முறை) மாற்றுங்கள். மாற்றாமல் வந்தால், புதிய கார்டில் அதே ஐபியைப் போடும்போது 'இது வேறொரு அடாப்டரில் இருக்கிறது' என்று விண்டோஸ் எச்சரிக்கும். டிவைஸ் மேனேஜரில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொல்லி, மங்கலாகத் தெரியும் பழைய கார்டை அழிக்க வேண்டியிருக்கும். மேக் முகவரியை மட்டும் பழையதையே வையுங்கள். அதை வைத்து லைசென்ஸ் பார்க்கும் மென்பொருள்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் இருந்தால் மீட்புச் சாவி கையில் இல்லாமல் தொடவே தொடாதீர்கள், விடிபிஎம்மில் (சாவியை வைத்திருக்கும் மெய்நிகர் சிப்) இருப்பது உங்களோடு வராது.

லினக்ஸில் தொல்லை குறைவு. என்ஸ்192 என்றிருந்த கார்டு என்ஸ்18 ஆகிவிடும், கான்ஃபிக்கில் பெயரை மாற்றினால் போதும். ரெட்ஹாட் வகையறாவில் மட்டும் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் (பூட் ஆகும்போது முதலில் ஏறும் கோப்பு) விர்ட்ஐஓ இருக்கிறதா என்று முன்பே பாருங்கள்.

நிறுவனத்தின் லாகின்களைக் கவனிக்கும் டொமைன் கன்ட்ரோலரை இப்படித் தூக்கிக்கொண்டு வராதீர்கள். புதிய விஎம் ஒன்றில் விண்டோஸ் போட்டு, அதை டொமைன் கன்ட்ரோலராக உயர்த்தி, பொறுப்புகளை மாற்றிவிட்டுப் பழையதை முறைப்படி இறக்குங்கள். கூடுதலாக அரைநாள் போகும். பழைய பிரதி ஒன்று தவறுதலாக ஆன் ஆகி டொமைனே குழம்புவதற்கு இது எவ்வளவோ மேல்.

ஹோஸ்ட் பக்கம் இரண்டு விஷயங்கள் மனதை உறுத்துகின்றன. ஒன்று, இரண்டே நோடில் (சர்வரில்) கிளஸ்டர் போடுவது. ஒன்று விழுந்தால் மற்றொன்றுக்குப் பெரும்பான்மை வாக்கு இல்லை. ஓடும் விஎம் ஓடும், புதிதாக எதையும் ஆன் செய்ய முடியாது. ஒரு சின்ன டெபியன் பெட்டியில் கியூடிவைஸ் போட்டு மூன்றாவது வாக்கைக் கொடுங்கள். இன்னொன்று, எழுத எழுத மட்டுமே இடம் எடுக்கும் எல்விஎம்-தின் ஸ்டோரேஜ். 1 டிபி இடத்தில் 3 டிபிக்கு டிஸ்க் கொடுத்தாலும் அது தடுக்காது. நிரம்பிய நொடியில், அதில் இருக்கும் எல்லா விஎம்மும் எழுத முடியாமல் தடுமாறும். ஒவ்வொரு டிஸ்க்கிலும், அழித்த இடத்தைத் திருப்பித் தரும் டிஸ்கார்டை டிக் செய்து, 80 சதவீதத்தில் அலெர்ட் வையுங்கள்.

விஎம்முக்குள் இருந்து ப்ராக்ஸ்மாக்ஸோடு பேசும் கெஸ்ட் ஏஜென்ட்டையும் போட்டுவிடுங்கள். அது இல்லாமல் எடுக்கும் பேக்கப், ஓடுகிற மெஷினின் பவரைப் பிடுங்கிய நிலையில் இருப்பது போன்றது. டேட்டாபேஸுக்கு அது ஆபத்து. எடுத்த பேக்கப்பை வேறு பெயரில், நெட்வொர்க் துண்டித்து, ஒருமுறை ரீஸ்டோர் செய்து ஆன் செய்து பாருங்கள்.

பழைய இஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்டை உடனே ஃபார்மட் செய்ய வேண்டாம். அதிலுள்ள விஎம்களின் நெட்வொர்க் கார்டைக் கழற்றி, ஆட்டோஸ்டார்ட்டை அணைத்துவிட்டு, ஒரு மாதக் கணக்கு முடிப்பு புதிய இடத்தில் ஓடி முடியும் வரை அப்படியே வைத்திருங்கள்.