வெட்டிய ஏரியும் ஈரநிலமே

காவிரிப் படுகையின் ஈரநிலங்கள் என்றால் கோடியக்கரையும் முத்துப்பேட்டை அலையாத்திக் காடும்தான் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருகின்றன. அவை காக்கப்பட வேண்டியவை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் ஆற்றோடும் வாய்க்காலோடும் பிணைந்து கிடக்கும் நம் ஏரிகளும் ஈரநிலங்களே என்பதை நாட்டின் விதிகள் இன்னும் ஏற்கவில்லை என்பதே என் பெருங்கவலை.

ஈரநிலங்களைக் காப்பதற்காக 1971-இல் ஈரானின் ராம்சர் நகரில் உருவான பன்னாட்டு உடன்படிக்கை, இயற்கையாய் அமைந்ததா மனிதர் அமைத்ததா என்று வேறுபாடு பார்ப்பதில்லை. அதனால்தான் திருவாரூர் மாவட்டத்து வடுவூர் ஏரி 2022-இலும், அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி 2024-இலும் அதன் பட்டியலில் இடம்பெற்றன. இரண்டுமே பாசன ஏரிகள். மேட்டூரில் திறக்கும் நீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியே கரைவெட்டியை அடைகிறது. வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து ஏரி நிறைந்திருக்கும் குளிர்காலத்தில், இமயத்தைத் தாண்டிப் பறந்து வரும் வரித்தலை வாத்துகள் அங்கே வந்து தங்குகின்றன.

நடுவண் அரசின் 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகளோ, பாசனத்துக்காகவும் குடிநீருக்காகவும் மனிதர் அமைத்த நீர்நிலைகளையும் நெல்வயல்களையும் ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே விலக்கி வைத்துள்ளன. வடுவூரும் கரைவெட்டியும் பறவைகள் சரணாலயங்கள் என்பதால் வன உயிரினச் சட்டம் அவற்றுக்குத் துணை நிற்கிறது. அந்தத் துணை இல்லாத ஏரிகளின் கதி என்ன? சோழர் காலத்தில் வெட்டப்பட்டு, கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாறு கொண்டுவரும் நீரை ஏந்தி, கடலூர் மாவட்ட வயல்களுக்கும் 2004 முதல் சென்னையின் குடிநீருக்கும் தந்துகொண்டிருக்கும் வீராணம்கூட, இந்த வரையறைப்படி ஈரநிலம் ஆகாது. மனசாட்சியுள்ள எவரும் இதை ஏற்க இயலாது என்றே நினைக்கிறேன். வெள்ளத்தை வாங்கி நிறுத்துவதும், சுற்றுவட்டக் கிணறுகளில் ஊற்றைக் காப்பதும், வண்டலைப் படியவிட்டுத் தெளிந்த நீரைக் கலிங்கு என்னும் உபரிநீர்ப் போக்கி வழியே அனுப்புவதும், வெட்டியவர் யார் என்று கேட்டுக்கொண்டு நடப்பவை அல்ல.

அதே 2017-இல் உச்ச நீதிமன்றம், கணக்கெடுப்பில் அறியப்பட்ட 2,01,503 ஈரநிலங்களைக் காக்குமாறு ஆணையிட்டது பெரிய ஆறுதல். எனினும் அந்தப் பட்டியல் 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்டவற்றுக்கு மட்டுமே உரியது. ஊருக்கு ஊர் கிடக்கும் தாங்கலும் குட்டையும் அதற்குள் வருவதில்லை.

தூர்வாரும் முறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கொள்ளளவைக் கூட்டுவதற்காகக் கரையோரம் வரை ஒரே ஆழத்தில் இயந்திரத்தால் தோண்டிவிட்டால், முழங்கால் அளவு நீரில் நடந்து இரை தேடும் நாரைக்கும் உள்ளானுக்கும் அந்த ஏரியில் இடமில்லாமல் போகிறது. நாணலும் கோரையும் வேரோடு போய்விடுகின்றன. மதகருகே ஆழமும் மறுபுறம் சரிவும் இருக்க வேண்டும் என்பதைப் பணி ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். இதற்குத் தனிச் செலவு ஏதுமில்லை.

பாசன ஏரிகளுக்கான விலக்கை நடுவண் அரசு நீக்க வேண்டும். அதுவரை காத்திராமல், தமிழக அரசு தன் ஏரிகளை வரத்து வாய்க்காலும் உபரிநீர் வழியும் சேர்த்து அளந்து எல்லைக்கல் நட வேண்டும். மேட்டூர் நீரைப் பங்கிடும்போது, கோரையாறும் பாமணியாறும் முத்துப்பேட்டைக் காயலுக்குக் கொண்டுசேர்க்கும் நன்னீரையும் ஒரு தேவையாகக் கணக்கில் எழுத வேண்டும்; அந்த நீர் குறையும் ஆண்டுகளில் காயலில் உப்பு ஏறுகிறது, அங்கு மீன்பிடித்து வாழும் குடும்பங்களே அதன் இழப்பை முதலில் சுமக்கின்றன.