ஸ்டெம் செல்லை எழுப்பினால் கேன்சர் கரையுமா?

"இந்தச் சொட்டு மருந்து உடம்பில் தூங்கும் ஸ்டெம் செல்களை எழுப்பும், கெட்டுப்போன உறுப்பு திரும்ப வளரும், கேன்சரும் கரைந்துவிடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. நம்பாதீர்கள். ஸ்டெம் செல் என்பது பிரிந்து புதிய செல்களை உருவாக்கும் மூலச் செல்.

நம் குடலின் உள்சுவரைப் போர்த்தியிருக்கும் செல்கள் நான்கைந்து நாளில் உதிர்ந்து புதிதாகின்றன, அதைச் செய்வது குடலின் நுண்குழிகளுக்கு அடியில் இருக்கும் ஸ்டெம் செல்கள், 2007-இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழு அடையாளம் காட்டியவை. அவற்றைப் பிரிந்து பெருகச் சொல்வது வின்ட் என்ற சமிக்ஞை. அதை அளவோடு அடக்கி வைப்பது ஏபிசி என்ற மரபணு. அது பழுதானால் யாரும் சொல்லாமலே செல் பெருகிக்கொண்டே போகும். பெருங்குடல் புற்றுநோய்களில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்குகின்றன. அப்புறம் எப்படி, அதே சமிக்ஞையைக் கண்மண் தெரியாமல் தூண்டுவது கேன்சரைக் கரைக்கும்?

உண்மையான மருந்துகளில் சில நேர் எதிராக வேலை செய்கின்றன. 2012-இல் அமெரிக்கா அனுமதித்த விஸ்மோடெஜிப், ஒருவகைத் தோல் புற்றுநோயில் ஹெட்ஜ்ஹாக் என்ற வளர்ச்சிச் சமிக்ஞையை அடைக்கிறது. அதனால் முடி கொட்டும், நாக்கில் சுவை போகும், ஏனென்றால் முடிக்கும் சுவை மொட்டுக்கும் அதே சமிக்ஞை வேண்டும்.

ரத்தப் புற்றுநோய்க்கு ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் அது கீமோவுக்குப் பின் நரம்பு வழியாக ஏற்றி எலும்பு மஜ்ஜையை மீட்கும் மருத்துவமனை வேலை, வாயில் விடும் சொட்டு அல்ல. இதை நம்பி யாரும் நடக்கிற சிகிச்சையை நிறுத்திவிட வேண்டாம், தயவுசெய்து.