பிரக்ஞானந்தா ஆடிய ஊரும் ரொட்டிக்கு வரிசை நின்ற ஊரும்

2023 ஆகஸ்ட் கடைசி வாரம் ஞாபகமிருக்கிறதா? 23ஆம் தேதி சாயங்காலம் சந்திரயான் நிலாவில் இறங்கியது. மறுநாள் பாக்கூவில் செஸ் உலகக் கோப்பை இறுதியில் பிரக்ஞானந்தா டைபிரேக்கரில் கார்ல்சனிடம் தோற்றார். அஜர்பைஜான் தலைநகரின் பேர் அந்த ஒரு வாரம் நம் வீட்டுப் பாட்டிகளுக்குக்கூடத் தெரிந்திருந்தது. நானும் வேலைக்கு நடுவே செஸ் ஸ்கோரை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே நாட்டின் மேற்கே, ஸ்டெபானாகெர்ட் என்கிற ஊரில், அப்போது ஜனங்கள் ரொட்டிக்கு மணிக்கணக்கில் வரிசை நின்றார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஸ்டெபானாகெர்ட்டைத் தலைநகராகக் கொண்டிருந்த நகோர்னோ-கராபாக் பகுதியைப் பற்றித்தான் சொல்கிறேன். அஜர்பைஜான் அதிபர் இல்ஹாம் அலியேவ் பற்றியும்.

அஜர்பைஜான் பக்கம் நியாயமே கிடையாது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சர்வதேசச் சட்டப்படி அது அஜர்பைஜான் நிலம். குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் ஆர்மேனியர்கள். சோவியத் உடைந்தபோது வெடித்த போரில், 1994க்குள் ஆர்மேனியப் படைகள் கராபாக்கோடு நிற்காமல் சுற்று மாவட்டங்களையும் பிடித்தன. 5 லட்சத்துக்கும் அதிகமான அஜர்பைஜானியர்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். அக்தாம் என்ற ஊரில் மசூதியைத் தவிர உருப்படியாக எதுவும் மிஞ்சவில்லை. 1992இல் கோஜாலியில் ஆர்மேனியப் படைகள் அஜர்பைஜானியப் பொதுமக்களைக் கொன்று குவித்தன. அதற்கு நாலு வருடம் முன்னால் அஜர்பைஜானின் சும்கயித்தில் ஆர்மேனியர்களை வீடு புகுந்து கொன்றிருந்தார்கள். யார் முதலில் ஆரம்பித்தது என்று கேட்டால் ரெண்டு தரப்பும் ஆளுக்கொரு தேதி வைத்திருக்கும்.

என் கோபம் வேறு. அந்த அகதிகளின் நியாயத்தை ஒரு குடும்பம் தன் பேருக்குப் பட்டா போட்டுக்கொண்டதுதான் எனக்கு ஆறவில்லை.

அப்பா ஹெய்தர் அலியேவுக்குப் பிறகு 2003இல் மகன் நாற்காலியில் உட்கார்ந்தார். 2009இல் எத்தனை தடவை வேண்டுமானாலும் அதிபராகலாம் என்று சட்டம் மாறியது. 2017இல் மனைவியே முதல் துணை அதிபர். 2013 தேர்தலில் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள்: வாக்குப்பதிவுக்கு முதல் நாளே தேர்தல் ஆணையத்தின் செயலியில் அலியேவ் ஜெயித்துவிட்டதாக முடிவு வந்துவிட்டது. சோதனைக்காகப் போட்ட பழைய கணக்கு என்று சமாளித்தார்கள்.

எண்ணெய்ப் பணம் யாருக்குப் போகிறது என்று கேட்டால் ஜெயில். கராபாக்கை மீட்போம் என்று கத்தினால் மட்டும் தடையில்லை. 2020 ஜூலையில் பாக்கூவில் திரண்ட கூட்டம் போர் வேண்டும் என்று நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்தது. செப்டம்பர் 27 அன்று போர் தொடங்கியது. துருக்கி, இஸ்ரேல் ட்ரோன்களோடு 44 நாளில் அலியேவ் ஜெயித்தார். (ஆர்மேனியத் தலைவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 2019இல் பிரதமர் பஷினியான் ஸ்டெபானாகெர்ட்டுக்கே போய், கராபாக் ஆர்மேனியாதான், பேச்சு முடிந்தது என்கிற தொனியில் பேசினார்.) ஜெயித்த பிறகு அலியேவ் பாக்கூவில் ஒரு கண்காட்சிப் பூங்கா திறந்தார். செத்த ஆர்மேனிய வீரர்களின் ஹெல்மெட்டுகளை வரிசையாக மாட்டி வைத்து, நடுவில் நடந்து போனார்.

எனக்குத் தாங்க முடியாதது அதற்குப் பிறகு நடந்த ஒன்று. 2022 டிசம்பரில் கராபாக்கையும் ஆர்மேனியாவையும் இணைக்கும் ஒரே சாலையான லாச்சினை "சுற்றுச்சூழல் ஆர்வலர்கள்" மறித்தார்கள். கராபாக் சுரங்கங்களால் இயற்கை கெடுகிறதாம். போராட்டம் என்றாலே தடியோடு வரும் அந்த நாட்டுப் போலீஸ், மாதக்கணக்கில் அந்தப் பக்கமே திரும்பவில்லை. சாலையைத் திறக்கச் சொல்லி சர்வதேச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் உத்தரவிட்டும் அசையவில்லை. ஏப்ரலில் அரசே அங்கே சோதனைச் சாவடி போட்டது. ஆர்வலர்கள் மூட்டையைக் கட்டினார்கள், பாதை மட்டும் திறக்கவில்லை. ஸ்டெபானாகெர்ட் ரொட்டிக்கு வரிசை நின்றது இதனால்தான். இரண்டு மாதம் கழித்து, அஜர்பைஜானுக்குள்ளேயே சோயுத்லு என்ற கிராமத்தில் தங்கச் சுரங்கக் கழிவுக்குட்டை வேண்டாம் என்று நிஜமான கிராமத்து ஜனம் தெருவுக்கு வந்தது. அங்கே வயதான பெண்களின் முகத்தில் போலீஸ் மிளகு ஸ்ப்ரே அடித்தது. அவர்கள் ஆர்மேனியர்கள் இல்லை. அலியேவின் சொந்த ஜனங்கள்.

ஐரோப்பா என்ன செய்தது? 2022 ஜூலையிலேயே பாக்கூவுக்குப் போய் எரிவாயு இறக்குமதியை இரண்டு மடங்காக்குவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தது. புதினை நம்ப முடியாது, அதனால் அலியேவை நம்பினார்கள்.

செஸ் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 19 அன்று தாக்குதல். ஒரே நாளில் கராபாக் சரணடைந்தது. அடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மேனியர்கள் காரிலும் டிராக்டரிலும் லாரியிலும் அதே லாச்சின் சாலை வழியாக வெளியேறினார்கள். மாதக்கணக்கில் மூடிக் கிடந்த பாதை, போவதற்கு மட்டும் திறந்தது. ஆட்கள் இல்லாத ஸ்டெபானாகெர்ட்டில் அலியேவ் கொடியேற்றிய தேதி அக்டோபர் 15. அவர் முதன்முதலாக அதிபர் தேர்தலில் ஜெயித்து அன்றோடு சரியாக 20 வருடம்.

இந்தியா ஆர்மேனியாவுக்கு பினாகா ராக்கெட் விற்கிறது, பாகிஸ்தான் அஜர்பைஜான் பக்கம், அதனால் நாம் ஆர்மேனியா கட்சி என்று கமெண்டில் யாராவது வருவீர்கள். சென்னை பாரிமுனையில் ஆர்மேனியன் தெருவே இருக்கிறதே என்றும் ஒருவர் சொல்வார். நான் எந்தக் கட்சியும் கட்டவில்லை. நிலம் கிடைத்ததே, இனி சொந்த ஜனத்தையாவது நிம்மதியாக விட்டாரா என்பதுதான் என் கேள்வி.

கொடியேற்றிய அடுத்த மாதமே அப்ஸாஸ் மீடியா பத்திரிகையாளர்களைப் பிடித்து உள்ளே போட்டார்கள். அதிபர் குடும்பத்தின் சொத்துகளைத் துருவிய பத்திரிகை அது. கராபாக் போர் முடிந்துவிட்டது, காரணம் சொல்ல எதிரியும் இல்லை. கைது மட்டும் நிற்கவில்லை. 2024 பிப்ரவரியில் தேர்தலை முன்கூட்டியே வைத்து 92 சதவீதம் வாங்கினார்.

பாக்கூவிலிருந்து ஜார்ஜியாவின் திபிலிசிக்கு முன்பெல்லாம் ராத்திரி ரயில் உண்டு. ஏறிப் படுத்தால் காலையில் இறங்கலாம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகத் தரை எல்லையை மூடியபோது அதுவும் நின்றது. கொரோனா போய்விட்டது, கராபாக்கும் கைக்கு வந்துவிட்டது. ஆனால் 2025இல்கூட எல்லையைச் சாதாரண ஜனங்களுக்குத் திறக்கவில்லை. பாதுகாப்புக்காகத்தானாம். பக்கத்து நாட்டிலிருக்கும் சொந்தக்காரரைப் பார்க்க விமான டிக்கெட்டுக்குக் காசிருந்தால் போக முடிந்தது. இல்லாவிட்டால் வீட்டிலேயே இருக்க வேண்டியிருந்தது.