பால் கேட்டாள், அவ்வளவுதானே?

அந்தப் பதிவைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்றிலிருந்து ஆளாளுக்கு இன்பாக்ஸில் வந்து "அது உங்களைப் பற்றியா?" என்று கேட்கிறார்கள். ஆமாம், என்னையும் என் அக்காவையும் பற்றித்தான். "அவ்வளவு பெரிய ரோஸ்டரிக்குள் போய் பாலும் சர்க்கரையும் கேட்கிறார்கள், நம்ம ஆட்களைத் திருத்தவே முடியாது" என்று எழுதியவர் அந்த ரோஸ்டரியில், அதாவது காபிக் கொட்டையை அங்கேயே வறுத்துக் காபி போட்டுக் கொடுக்கும் கடையில், எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றிருக்கிறார். எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊர் போய்ச் சேர்ந்ததும் எழுதியிருக்கிறார். நல்லது.

அக்கா பால் கேட்டாள். அவ்வளவுதான் நடந்தது.

பயணத்தில் பாதி நாள் இடைவெளி கிடைத்தது. அந்த ரோஸ்டரிக்குப் போகலாம் என்று சொன்னதே நான்தான். எனக்குக் காபியில் கொஞ்சம் பைத்தியம் உண்டு, இங்கே பல பேருக்குத் தெரியும். கண்ணாடிக்குப் பின்னால் பெரிய டிரம் சுழல்கிறது, தலைக்கு மேலே செப்புக் குழாய்களில் கொட்டைகள் சலசலவென்று ஓடுகின்றன, பார்க்க அழகாகவே இருந்தது. தோல் ஏப்ரன் கட்டிய பையன் ஒருவன் தூளை நிறுத்து, வாய் குறுகிய கெட்டிலால் சுற்றிச் சுற்றி வெந்நீர் ஊற்றி, தூள் உப்பி மூச்சு விடுவதைக் காட்டி, வறுக்கும்போது உள்ளே தங்கிய கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது என்று விளக்கினான். அக்கா கையைக் கட்டிக்கொண்டு அவ்வளவு ஆர்வமாகக் கேட்டாள். "அதனால்தான் புதுத் தூளில் நுரை வருகிறதா?" என்று கேள்வி கூடக் கேட்டாள். (பதிவில் இது வரவில்லை. வராது.)

ஒரு வாய் குடித்தாள். அது பனாமா நாட்டில் விளைந்த கெய்ஷா என்ற காபி வகை. சுவை மல்லிகை, பெர்கமாட் (ஒரு எலுமிச்சை வகை), பீச் மாதிரி இருக்கும் என்று அட்டையில் போட்டிருந்தார்கள். நன்றாகத்தான் இருந்தது, நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மெல்லிய வறுவல், புளிப்பு தூக்கலாக இருக்கும். அக்கா பழகிய காபி அது இல்லை. தன் ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டாள், கொஞ்சம் சூடான பாலும் ஒரு கரண்டி சர்க்கரையும் கிடைக்குமா என்று.

அந்தப் பையன் பக்கத்தில் நின்ற இன்னொருவனைப் பார்த்தான். இரண்டு பேர் முகத்திலும் அதே சிரிப்பு. "இந்தக் காபிக்கு நாங்கள் அதெல்லாம் கொடுப்பதில்லை, அதற்கு வெளியே நிறைய கடைகள் இருக்கின்றன" என்றான். அக்கா கோப்பையைத் தட்டில் சத்தமில்லாமல் வைத்தாள், பிடியை நேராகத் திருப்பினாள், "பரவாயில்லை, இதுவே நல்லா இருக்கு" என்று என்னிடம் சொல்லிவிட்டு அத்தனையையும் குடித்து முடித்தாள். மிச்சம் வைத்திருந்தாலாவது எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சரி, இப்போது ஆட்சேபங்களுக்கு வருகிறேன். வருவீர்கள் என்று தெரியும்.

"அது அவர்கள் கடை, அவர்கள் விதி." ஒத்துக்கொள்கிறேன். பால் இல்லை என்றால் இல்லை என்று சொல்லட்டும், பலகையில் எழுதிப் போடட்டும், யார் வேண்டாம் என்றது? என் கோபம் "இல்லை" என்று சொன்னதற்கு அல்ல, சிரித்ததற்கு. தெரிந்தவன் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்கலாம், சிரிக்கக் கூடாது.

"பால் சேர்த்தால் அந்தக் கொட்டையின் குணமே போய்விடும்." ஐயா, பாலில் இருக்கும் புரதம் காபியின் துவர்ப்பை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், அதனால் சுவை மாறும், அது எனக்கும் தெரியும். மாறட்டுமே! அதைத்தானே அவள் கேட்டாள். கடைகளில் காபி போட்டுக் கொடுப்பவர்களுக்கு உலக பாரிஸ்டா சாம்பியன்ஷிப் என்று 2000இலிருந்து நடக்கிறதே, அதில் போட்டியாளர்கள் நடுவர்களுக்கு எஸ்பிரெஸ்ஸோ கொடுக்க வேண்டும், அப்புறம் பால் சேர்த்த பானம் கொடுக்க வேண்டும், அதற்கும் மேல் தங்கள் கற்பனையில் ஒரு பானம் செய்து கொடுக்க வேண்டும். உலகத்திலேயே உயர்ந்த மேடையில் பாலுக்குத் தனி மதிப்பெண் இருக்கிறது. என் அக்கா கேட்டால் மட்டும் அது பட்டிக்காட்டுத்தனம். எத்தியோப்பியாவில், காபி பிறந்த மண்ணிலேயே, சர்க்கரை போட்டுக் குடிப்பவர்கள் ஏராளம். அவர்களுக்கும் போய் வகுப்பு எடுங்கள்.

"விவசாயியின் உழைப்பை அவமதிக்கிறீர்கள்." இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த வாதம். மலைச்சரிவில் கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு சிவந்த பழத்தை மட்டும் பார்த்துப் பார்த்துப் பறிக்கும் பெண் தன் பழம் யார் கோப்பையில் எந்தப் பாலோடு கலக்கிறது என்று அழுதுகொண்டா இருக்கிறாள்? அவளுக்கு வேண்டியது நியாயமான கூலி. அவள் பெயரைச் சொல்லி இன்னொரு பெண்ணை மட்டம் தட்டாதீர்கள். நான்கே வரியில் கிண்டல் எழுதியவருக்கு விவசாயி மேல் திடீரென்று இவ்வளவு பாசம் பொத்துக்கொண்டு வந்ததும் ஆச்சரியம்தான்.

எல்லா ரோஸ்டரிகளும் இப்படி என்று நான் சொல்லவில்லை. முன்பு வேறொரு பயணத்தில், மழைக்கு ஒதுங்கப் போய் ஒரு சின்ன இடத்தில் மாட்டிக்கொண்டேன். வயதான அம்மா ஒருவர் தனியாக வறுத்துக்கொண்டிருந்தார். என்னை அருகில் கூப்பிட்டு, டிரம்மில் செருகியிருக்கும் சின்னக் குழலை இழுத்துக் கொட்டைகளை மூக்கருகே காட்டினார். முதலில் வைக்கோல் வாசம், கொஞ்ச நேரத்தில் சுட்ட ரொட்டி வாசம். 200 டிகிரியை ஒட்டி வரும்போது பட் பட் என்று சத்தம் கேட்கும் பாருங்கள், அதுதான் முதல் வெடிப்பு, மெல்லிய வறுவல் என்றால் அதற்குப் பின் சீக்கிரம் இறக்கிவிட வேண்டும், விட்டால் புளிப்பும் மணமும் கரைந்து கசப்பு ஏறிவிடும் என்றார். இன்று வறுத்ததை இன்றே குடிக்காதே, சில நாள் ஆற விடு என்று பொட்டலத்தில் தேதி எழுதிக் கொடுத்தார். அப்புறம் தன் கோப்பையில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டு "எனக்கு இப்படித்தான் பிடிக்கும்" என்றார், அவ்வளவு சாதாரணமாக. எனக்குக் காபி பைத்தியம் பிடித்ததே அந்த மழை நாளில்தான். அன்று அவர் என்னைப் பார்த்துச் சிரித்திருந்தால் நான் இதற்குள் வந்திருக்கவே மாட்டேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். உயர்தரக் கொட்டையை ஸ்பெஷாலிட்டி காபி, ஸ்பெஷாலிட்டி காபி என்று சொல்லிப் பெருமைப்படுகிறீர்களே, 1974இல் அந்தப் பெயரை முதலில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் எர்னா நட்சன் என்ற பெண். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு காபி இறக்குமதி நிறுவனத்தில் செயலாளராகச் சேர்ந்தவர். காபியைச் சுவைத்துத் தரம் பார்க்கும் அறைக்குள் அவரை அனுமதிக்க அங்கிருந்த ஆண்களுக்கு முதலில் மனமில்லை. அவரையே வாசலில் நிறுத்திப் பார்த்த கூட்டம்தான் இது. இன்றைக்கு நிறுத்தப்படுவது ஆங்கிலம் தடுமாறுகிறவர்கள், பால் கேட்பவர்கள். நூற்றுக்கு 80 மதிப்பெண் எடுத்தால்தான் ஸ்பெஷாலிட்டி என்று கொட்டைக்கு வைத்தார்கள். இப்போது குடிக்க வருகிறவர்களுக்கும் போட ஆரம்பித்துவிட்டார்கள் போல.

"ஒரு காபிக்கு இவ்வளவு நீளமா?" என்று யாராவது கேட்பீர்கள். காபிக்கு இல்லை. வெறும் காபி குடித்தால் அக்காவுக்கு நெஞ்செரியும், அதற்காகத்தான் பால் கேட்டாள் என்று எழுத நினைத்தேன், அப்புறம் ஏன் எழுத வேண்டும் என்று தோன்றியது. நெஞ்செரியாவிட்டால் கேட்கக் கூடாதா? பிடிக்கும் என்பது போதாதா? ஒரு கோப்பைக்கு மருத்துவச் சான்றிதழா கொண்டுபோக வேண்டும்? அப்பா போன பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் யாராக இருந்தாலும் யாருக்குச் சர்க்கரை குறைவு, யாருக்கு அதிகம் என்று மனதில் வைத்துக்கொண்டு கலந்து கொடுத்தவள் அவள். ஒருவரையும் ஏன் என்று கேட்டதில்லை.

அந்தக் கடைப் பையன்களை நான் ஏதோ ஒருவிதத்தில் மன்னித்துவிடுவேன். சின்ன வயசு, நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. எழுதியவரைத்தான் முடியவில்லை. எங்கள் பேச்சு புரிந்தது உங்களுக்குத்தான். ஒரு அடி முன்னால் வந்து "அக்கா, அந்தப் பக்கம் கௌண்டரில் பால் காபி தருகிறார்கள்" என்று சொல்லியிருக்கலாம். தருகிறார்கள் என்று உங்கள் பதிவிலேயே கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்கு அது தெரியாது, உங்களுக்குத் தெரியும், நீங்கள் போனை எடுத்தீர்கள்.

பதிவை நீக்கச் சொல்ல மாட்டேன், அது உங்கள் சுவர், உங்கள் விதி. மூன்றாவது படத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். அதில் அக்கா முகம் தெரிகிறது. அவளுடைய மருமகளும் உங்கள் நட்புப் பட்டியலில் இருக்கிறாள்.