குடி மட்டும்தான் காரணமா?

நகரத்தில் தெருவில் படுப்பவர்களுக்குக் குடியும் மனநோயும்தான் மூல காரணம், திருந்தினால் வீடு கொடுக்கலாம் என்கிறது வீடில்லாதவர்களைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. பாதிதான் சரி. குடிப்பவர்களும் மனநலம் பாதித்தவர்களும் எல்லா ஊரிலும் உண்டு, வாடகை கட்டுப்படியாகும் ஊரில் அவர்களுக்கு ஒரு ஓரத்து அறையாவது கிடைத்துவிடும், வாடகை சம்பளத்தைவிட வேகமாக ஏறும் நகரத்தில் அதே ஆள் தெருவுக்கு வந்துவிடுகிறார். யார் விழுகிறார் என்பதை நோயும் குடியும் தீர்மானிக்கலாம், எத்தனை பேர் விழுகிறார்கள் என்பது வாடகையின் கையில்தான் இருக்கிறது.

அப்புறம், இது ஒரே நாளில் நடப்பதில்லை. வேலை போகும், அல்லது கணவனின் அடி தாங்காமல் ஒரு பெண் பிள்ளையோடு வெளியே வருவார், கொஞ்ச நாள் அக்கா வீடு, பிறகு தெரிந்தவர் வீடு, அங்கேயும் முகம் சுளித்த பிறகுதான் ரயில் நிலையம். தலைக்கு வைத்துப் படுக்கும் பையில் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய அடையாள அட்டை இருக்கும். அது தொலைந்தால் புதிதாக வாங்க முகவரி கேட்பார்கள். எந்த முகவரியைச் சொல்வார்? வேலை கேட்டுப் போனாலும் அதே கேள்விதான். மாதக்கணக்கில் சரியான தூக்கம் இல்லாமல் தெருவிலேயே குடிக்கத் தொடங்கியவர்களும் உண்டு, நாம் அதைக் காரணம் என்று எழுதிவிடுகிறோம்.

பின்லாந்து 2008-இல் முதலில் வீடு, பிறகு சிகிச்சை என்று தேசியத் திட்டமே கொண்டுவந்தது. குடியை விட்டால்தான் சாவி என்ற நிபந்தனை இல்லை, வாடகை ஒப்பந்தம் அவர் பெயரிலேயே, கூடவே உதவிக்கு ஆட்கள். அங்கே நீண்டகாலமாக வீடில்லாமல் இருந்தவர்களின் எண்ணிக்கை நன்றாகவே குறைந்தது. கட்டுரையாளர் தன் யோசனையின் வரிசையை மாற்றிப் பார்க்க வேண்டும்.